சிலாப் மேல் ஓடிய பச்சைக் கோடு

நம் வரைபடத்தில் ஏதாவது ஒரு சந்தின் மேல் விரலை வைத்தால் மூலையில் சின்னதாக ஒரு கடிகாரப் படம் வரும். அதைத் தொட்டால் அந்தச் சந்தை முதலில் யார் வரைந்தார்கள், பிறகு யார் மாற்றினார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். புதிதாக வந்திருக்கிற உங்களில் ஒரு பெண் போன வாரம் என்னிடம், "இது எதுக்கு அக்கா? யாரு இதையெல்லாம் பார்க்கப் போறாங்க?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஒரு சாயா குடிக்கிற நேரத்தில் பதில் சொல்லி முடியாது. அதனால் எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளை எங்கள் வாத்தியார் மாஷ் வீட்டம்மா திருத்திக் கொடுத்தார்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழ் கூட்டிப் படிப்பேன். மலையாளம் பஸ் போர்டு பார்க்கிற அளவுக்கு வரும். ஆனால் கொச்சி மட்டாஞ்சேரியில் எனக்குத் தெரியாத சந்து கிடையாது. துணி வெளுத்துத் தேய்த்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் குடும்பத்து வேலை. ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஓரத்தில் ஒரு குறி போடுவோம். ஒரு கோடும் இரண்டு புள்ளியும் என்றால் ஒரு வீடு, கோட்டுக்குக் குறுக்கே ஒரு வெட்டு என்றால் இன்னொரு வீடு. என் கையிலிருந்து ஒரு வேட்டிகூட வீடு மாறிப் போனதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

பஜார் ரோட்டில் ஓர் அரிசிப் பண்டகசாலை மாடியில் நாலைந்து பேர் கம்ப்யூட்டரும் கையுமாக இருந்தார்கள். அவர்களுக்குத் துணி கொடுக்கப் போனபோது திரையில் எங்கள் பக்கத்துச் சந்து ஒன்றை முட்டுச் சந்தாக வரைந்திருப்பதைப் பார்த்தேன். "அது முட்டுச் சந்து இல்லையே, கிணத்தைச் சுத்திப் போனா அந்தப் பக்கம் வெளிய வரலாமே" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். அவர்தான் மாஷ். எர்ணாகுளத்திலிருந்து போட் ஏறி வருவார், பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துபவர். கொச்சியில் இந்த வேலையைத் தொடங்கியதே அவர்தான். என்னைவிட இருபது வயது இளையவர். அவருக்குப் பெயர் சொன்னால் பிடிக்காது, சொல்லவில்லை.

அன்றிலிருந்து துணி கொடுத்து முடித்ததும் மாடிக்குப் போய்விடுவேன். எனக்கு அங்கே புரியாதது ஒன்று இருந்தது. வரைபடம் வரைகிற இந்த மென்பொருளை எழுதியது நாங்கள் இல்லை. எங்கோ பனி பெய்கிற ஊரில் இரண்டு பேர் தங்கள் ஊர்ச் சைக்கிள் பாதைகளுக்காக எழுதியது. எழுதிவிட்டு, உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம் என்று திறந்து போட்டுவிட்டார்களாம். அதில் வரைகிற வரைபடமும் அப்படித்தான், எந்த ஊர்க்காரரும் திருத்தலாமாம்.

"அதெப்படி மாஷே, பூட்டாத கடையா?" என்று கேட்டேன்.

"பூட்டாத்த கடை தன்னே, அக்கா. எடுத்துட்டுப் போனவங்க நல்லாக்கித் திருப்பி வெக்கணும். அத்ரே உள்ளூ, அவ்வளவுதான்."

யாரும் திருடுவதில்லையா, யார் காவல், ஒருத்தன் வேண்டுமென்றே கெடுத்தால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்காத நாள் கிடையாது. ஒருநாள் விடை தானாக வந்தது. நான் சொல்லிச் சேர்த்த அந்தக் கிணற்றுச் சந்தின் வளைவை யாரோ ஒரு வெளிநாட்டு ஆள் அழித்து நேர்க்கோடாக ஆக்கியிருந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "பனியில உக்காந்திருக்கிறவனுக்கு என் சந்தைப் பத்தி என்ன தெரியும்? அவன் கோட்டை வெட்டி எறி" என்றேன். மாஷ் அசையவில்லை. அவனிடம் ஏன் என்று முதலில் கேட்போம் என்றார். கேட்டோம். மூன்றாம் நாள் பதில் வந்தது. மேலிருந்து எடுத்த படத்தில் கூரை நேராகத் தெரிந்ததால் அப்படிச் செய்தானாம், மன்னிக்கவேண்டுமாம். கூடவே ஒரு கேள்வி: வளைவு எதனால்? கிணறு இருக்கிறது என்று எழுதினோம். கிணறு எவ்வளவு ஆழம் என்று திரும்பக் கேட்டான்! அந்த ஆளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அதிலிருந்து எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வந்தது. இன்னொருவர் வரைந்த கோட்டில் கை வைப்பதற்கு முன் அவருக்கு எழுதிக் கேட்கவேண்டும். மூன்று நாள் காத்திருக்கவேண்டும். ஆபத்து என்றால் மட்டும் உடனே மாற்றலாம், ஆனால் உண்மையான காரணத்தை எழுதியாகவேண்டும். நான் பெயரைத் தட்டச்சு செய்யத் திணறுவதைப் பார்த்து, குழுவில் புரோகிராம் எழுதும் ரெஜினா எங்கள் வீட்டுத் துணிக்குப் போடுகிற குறியையே என் கையெழுத்தாக வைத்துக் கொடுத்தாள். ஒரு கோடு, கீழே மூன்று புள்ளி. அது யாருடைய குறி என்று மாடியில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். வெளியே பார்க்கிறவர்களுக்குக் கோட்டின் கடைசி நிலை மட்டுமே தெரியும். பழைய நிலைகள் எங்கள் கம்ப்யூட்டருக்குள் இருந்தன. அப்போது கடிகாரப் படம் எல்லாம் கிடையாது.

பிறகு டேங்கர் லாரி வேலை வந்தது. எங்கள் பக்கம் வெயில் காலத்தில் குழாய் காற்றுதான் விடும். குடிக்கிற தண்ணீர் லாரியில் வரும். ஓட்டுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள், எந்தச் சந்துக்குள் வண்டி நுழையும் என்று தெரியாமல் பாதி தூரம் போய்ப் பின்னால் எடுப்பார்கள். அதற்காக ரெஜினா மென்பொருளில் புதிதாக ஒன்று சேர்த்தாள். டேங்கர் போகிற சந்து பச்சை. சின்ன வண்டி மட்டும் என்றால் மஞ்சள். ஆட்டோவுக்கு மேல் நுழையாது என்றால் சிவப்பு. அகலம் அளக்கிற வேலை என்னுடையது. துணி காயப்போடுகிற கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பிடித்து எண்ணுவேன். ஏழு முழம் இருந்தால் பச்சை. எங்கள் பக்கத்து டேங்கர் முதலாளி ஒருவர் தன் வண்டிகள் எல்லாவற்றுக்கும் இந்த வரைபடத்தையே பார்க்கச் சொல்லிவிட்டார். நாங்கள் அன்றைக்கு மாடியில் பழம்பொரி வாங்கிச் சாப்பிட்டோம்.

கிணற்றுச் சந்து ஏழரை முழம். பச்சை போட்டேன்.

ஒருநாள் காலை, பத்து மணி இருக்கும். அந்தச் சந்தில் லாரி இறங்கிவிட்டது என்று சத்தம். ஓடினேன். நிறைந்த டேங்கர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. பின்சக்கரம் சாக்கடைக்குள். அதை மூடியிருந்த சிலாப் இரண்டாக உடைந்து ஒரு துண்டு வானத்தைப் பார்க்கிறது. வால்வு அடிபட்டுத் தண்ணீர் பீறிட, சந்துப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். ஒருத்தி, "இப்பதான் வீட்டு வாசல்லயே தண்ணி வந்திருக்கு, வண்டியை எடுக்காதீங்க" என்று சிரித்தாள். சிரிக்காமல் நின்றவர் ஓட்டுநர் மட்டும்தான். இசக்கி என்று பெயர், சங்கரன்கோவில் பக்கம். முப்பது வயது இருக்கும். கையில் போனைப் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"பச்சைதான் காட்டுச்சு. பச்சைன்னு பாத்துத்தான் உள்ள விட்டேன். நான் என்ன கிறுக்கனா, சும்மா கொண்டுபோய் உடுறதுக்கு?"

நான் சிலாப்பைப் பார்த்தேன். என் கயிறு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். சுவரிலிருந்து சுவருக்கு. அதில் இரண்டு முழம் சிலாப். சிலாப்பைக் கழித்தால் ஐந்தரை. மூடியின் மேல் லாரி ஏறும் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஏன் தோன்றவில்லை? பல நாள் யோசித்திருக்கிறேன். மழை பெய்தால் சந்தின் நடுவில்தான் தண்ணீர் நிற்கும். தலையில் மூட்டையோடு போகிறவளுக்கு அந்தச் சந்திலேயே நல்ல இடம் சிலாப்தான். காய்ந்திருக்கும், மேடாக இருக்கும். வாழ்நாள் முழுக்க அதன்மேல் நடந்தவளுக்கு அது வழி. கீழே ஒன்றுமில்லை என்கிற நினைப்பே வராது. சந்து தெரியாத ஒருவர் அளந்திருந்தால் ஒருவேளை குனிந்து பார்த்திருப்பார்.

கொஞ்ச நேரத்தில் முதலாளி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். இசக்கி ஓடிப்போய், "மேப்புல பச்சை காட்டுச்சு, மொதலாளி" என்றார். முதலாளி தன் போனை எடுத்துத் திறந்து, சந்தைப் பெரிதாக்கி, இசக்கியின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"எடோ, இது சுவப்பு அல்லே? பச்சைன்னு ஆரு பறஞ்சு?"

இசக்கி பார்த்தார். தன் போனையும் திறந்து பார்த்தார். அதிலும் சிவப்பு. அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை. "காலையில பச்சையா இருந்துச்சு, மொதலாளி. எங்க அம்மா சத்தியமா" என்றார். கூட்டத்தில் யாரோ, "வண்டி ஓட்டறப்ப கண்ணை மூடிக்கிட்டாப்பல" என்றார்கள். முதலாளி கை நீட்டினார். இசக்கி சாவியை அதில் வைத்தார். "நாளை முதல் வேலைக்கு வரண்டா" என்று முதலாளி சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

எனக்கு ஆச்சரியம்தான் முதலில் வந்தது. நான் மாற்றவில்லை. மூன்று நாள் காத்திருக்காமல் என் கோட்டில் கை வைத்தது யார்? அதற்குள் ரெஜினா தோளில் லேப்டாப் பையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முழங்கையைப் பிடித்தாள். கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, இப்போ ஒண்ணும் பறயண்டா, சும்மா இருங்க."

"நீதான் மாத்தினியா?"

"ஆமா. லாரி இறங்கிச்சுன்னு போன் வந்ததும் சுவப்பாக்கிட்டேன். இன்னொரு வண்டி வந்து மாட்டக்கூடாதல்லே?"

"அது சரி. ஆபத்துன்னா மாத்தலாம். காரணம் என்னன்னு எழுதினே?"

அவள் தரையைப் பார்த்தாள். "சரிபார்த்தல்னு மட்டும் எழுதினேன்."

"அளந்தது தப்புன்னு எழுத வேண்டியதுதானே?"

"எப்படி எழுதுறது அக்கா? நாளைக்கு எல்லாரும் என்ன பறயும்? எழுத்து அறியாத்த ஒருத்தியை வெச்சு அளந்தா இப்படித்தான்னு பறயும். மாஷைப் பறயும், இந்த வரைபடத்தையே கேலி பறயும். இப்போதான் ஒருத்தர் நம்பி வண்டியெல்லாம் விட்டிருக்கார். அந்த டிரைவர் சேட்டனுக்கு வேற வண்டி கிடைக்கும், அக்கா. நமக்கு வேற முதலாளி கிடைக்காது."

அவள் என்மேல் இருந்த அன்பில்தான் செய்தாள், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அந்த "எழுத்து அறியாத்த ஒருத்தி" என் நெஞ்சில் போய்க் குத்தியது. அவள் சொல்வது பொய்யில்லை. நிச்சயமாக அப்படித்தான் பேசுவார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றால் ஈ, காக்கைக்குக்கூடத் தெரியாது. குறி யாருடையது என்றுகூடத் தெரியாது. ஒரு நிமிஷம் நின்றேன். இரண்டு நிமிஷம்கூட இருக்கலாம். அந்த நேரத்தில் நான் நல்லவளாக எல்லாம் யோசிக்கவில்லை, தப்பித்துக்கொள்ளத்தான் யோசித்தேன். அங்கிருந்து பார்த்தால் இசக்கி தெரிந்தார். போனை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். சிவப்பு பச்சையாகிவிடுமா என்று பார்க்கிறார். தன் கண்ணையே தான் நம்பமுடியாமல் ஒரு மனுஷன் நிற்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஆகவில்லை.

"லேப்டாப்பைத் திற" என்றேன். "பழசையெல்லாம் எடு."

"அக்கா..."

"நீ எடுக்கலைன்னா நான் வாயால சொல்லுவேன். என் வாய்ச் சொல்லை அவர் நம்பமாட்டார். எடு."

லாரியின் முன் பம்பர் மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தாள். முதலாளியைக் கூப்பிட்டேன். இசக்கியையும் கூப்பிட்டேன். திரையில் இரண்டு வரி. மேலே அன்று காலையில் சிவப்பு, ரெஜினாவின் பெயர். கீழே பச்சை, ஏழரை முழம். பக்கத்தில் ஒரு கோடு, மூன்று புள்ளி.

"பாத்தீங்களா? பாத்தீங்களா, மொதலாளி!" என்று இசக்கி கத்தினார்.

முதலாளி குனிந்து அந்தக் குறியைப் பார்த்தார். "இதாரு? இந்த மூணு புள்ளி?"

"நான்தான். செல்லத்தாயி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் கையில் இருந்த குடை, என் செருப்பு எல்லாவற்றையும். "அளக்க படிச்ச ஆள்காரே கிடைக்கலையா இவங்களுக்கு?" என்று ரெஜினாவிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

"படிச்சவங்க அளந்தாலும் ஏழரைதான் வரும், சார்" என்றேன். "அளவு சரி. கயிறைக் கொண்டு வரட்டுமா, இப்பவே அளந்து பாருங்க. நான் பார்க்காம விட்டது கீழ என்ன இருக்குங்கறதை. அது என் தப்பு. அவர் பாத்தது பச்சைதான்."

முதலாளி சாவியைத் தூக்கி இசக்கியிடம் போட்டார். ஸ்கூட்டரைக் கிளப்பியவர் ரெஜினாவின் பக்கம் திரும்பி, இனி தன் வண்டிகள் இதைப் பார்த்து ஓடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே செய்தார். ரெஜினா பயந்தது பாதி நடந்தது. அதை உங்களிடம் மறைக்கமாட்டேன்.

மாடிக்குத் திரும்பியதும் ரெஜினா அழுதாள். சாயங்காலம் போட் பிடித்து வந்த மாஷ் அவளையும் திட்டவில்லை, என்னையும் தேற்றவில்லை. "பழசு நம்ம பெட்டிக்குள்ள இருந்ததால தானே அந்த மனுஷன் பொய்யனா ஆகப் பார்த்தான்?" என்றார். "எல்லார் போன்லயும் இருந்தா?"

அதுதான் கடிகாரத்தின் பிறப்பு. சுலபமாக நடந்துவிடவில்லை. பூட்டாத கடை என்றாலும் அதற்கும் பெரியவர்கள் உண்டு. பனி ஊரில் இருந்தவர்கள், வழி தேடுகிறவனுக்குப் பழங்கதை எதற்கு, திரை நிறைந்துவிடும் என்றார்கள். ரெஜினா நடந்ததை எல்லாம், தன் பெயரோடும் என் பெயரோடும் எழுதி அனுப்பினாள். பல நாள் பதிலே இல்லை. பிறகு ஒரு பதில் வந்தது. கிணறு எவ்வளவு ஆழம் என்று கேட்டானே, அதே ஆள். அவர்கள் ஊரில் குளம் உறைந்தால் அதன் மேலேயே வண்டி போகுமாம். போன வாரம் தாங்கிய இடம் இந்த வாரம் தாங்காதாம். யார், என்றைக்குச் சொன்னது என்று தெரியாமல் அவர்களும் சிரமப்படுகிறார்களாம். அந்தக் கடிகாரப் படத்தை வரைந்து அனுப்பியது அவன்தான். தண்ணீர் கல்லாகி அதன்மேல் வண்டி ஓடுமா என்று நான் இன்னும் மாஷிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஓடும் என்கிறார். இருக்கட்டும்.

அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் மாடிப்படி அதிர இசக்கி ஏறி வந்தார். கையில் ஜாக்கி போடுகிற இரும்புக் கம்பி. ரெஜினா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

"பயப்படாதீங்க தாயி, அடிக்க வரல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "யக்கா, பேர் சொன்னீங்க, சரி. அதுக்காவ கும்புட வந்தேன்னு நெனைக்காதீங்க. உங்க பேரு வந்து என் சக்கரத்தைத் தூக்கி உடல. மூணு மணி நேரம் நான்தான் சாக்கடைக்குள்ள நின்னேன்."

"வேற எதுக்கு வந்தீங்க?"

"அந்தச் சந்தைச் சிவப்பாக்கிட்டீங்கல்லா? அது வரைக்கும் சரி. அதுக்கு அடுத்த சந்தை இன்னும் பச்சையா வெச்சிருக்கீங்களே, அதுல சிலாப்பே கெடையாதுன்னா? வாங்க, காட்டுதேன்."

"அங்கே சாக்கடையே இல்லையே" என்றேன், கொஞ்சம் ரோஷத்தோடு.

"நடக்கிற காலு பேசுது" என்றார் அவர். "உங்க மேப்பு நடக்கிறவங்க வரைஞ்ச மேப்பு, யக்கா. தப்பா நெனைக்காதீங்க."

நானும் ரெஜினாவும் அவர் பின்னால் போனோம். அடுத்த சந்து நல்ல தார்ச் சாலை, சிலாப் இல்லை, எட்டு முழம். இசக்கி நடுவில் நின்று கம்பியால் தாரைத் தட்டினார். டக் என்றது. இரண்டடி வைத்துத் தட்டினார். டக். வலது ஓரமாகப் போய்த் தட்டினார். தொம் என்றது.

"கேட்டீங்களா?"

நான் குனிந்தேன். என் வயதில் குனிவது சின்ன வேலை இல்லை. "இன்னொரு தடவ தட்டுங்க."

தொம்.

"அடியில பழைய சாக்கடை எதாச்சும் மண்ணை அரிச்சிருக்கும். மேல தாரு நல்லாத்தான் இருக்கு. காலி வண்டி போவும். நெறைஞ்ச வண்டி போனா, அன்னைக்கு மாரிதான்." அவர் நகர்ந்து நகர்ந்து தட்டினார். சில இடத்தில் டக், சில இடத்தில் தொம், ஓரிடத்தில் இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று. ஒரு வீட்டு ஜன்னலில் இருந்து ஒரு அம்மா, "எந்தா, ரோட்டுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார். "ஆமா அம்மா, பாத்துக்கிட்டிருக்கோம்" என்று இசக்கி பதில் சொன்னார்.

ரெஜினா நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். எத்தனை முழம், எந்த வீட்டு எதிரில், நிறை வண்டியா, காலி வண்டியா. அந்த நடுவான சத்தம் வந்த இடத்தில் அவள் பேனா நின்றுவிட்டது. இசக்கி கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"அகலம் எழுதுதீங்க, கலர் போடுதீங்க. இந்தச் சத்தத்தை உங்க மேப்புல எப்படி எழுதுவீங்க?"

எங்களுக்குத் தெரியவில்லை. மாஷிடம் கேட்டோம், அவருக்கும் தெரியவில்லை. கிணற்று ஆழம் கேட்டவனிடம் கேட்டோம், அவர்கள் பனியைத் தட்டிப் பார்ப்பார்களாம், ஆனால் எழுதி வைத்ததில்லையாம். போனில் பதிவு செய்து பார்த்தோம், ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு மாதிரி கேட்கிறது. எங்கள் மென்பொருளில் நீளத்துக்கு இடம் இருக்கிறது, அகலத்துக்கு இருக்கிறது, படத்துக்கு இருக்கிறது, யார் சொன்னார் என்பதற்கும் இருக்கிறது. இதற்கு மட்டும் இன்னும் இல்லை.

இசக்கி இப்போதும் திங்கட்கிழமை காலையில் வண்டி எடுப்பதற்கு முன் ஏதாவது ஒரு சந்தின் வாயில் அந்தக் கம்பியோடு நிற்கிறார். எனக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை, குனிந்து காது வைக்க ஆளில்லை. உங்களில் யார் போகிறீர்கள்?